கொம்பையா வீட்டு வாய்நிறை

சொர்ணக்கனியின் இடது கன்னத்துக்குள் ஒரு கமர்கட் போய் உட்கார்ந்து, கரைய மாட்டேன் என்று இருந்துகொண்ட அந்தக் காலத்தில்தான் மேலக்கருப்பூருக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்டி முடித்தார்கள், அம்மன் கோவில் கோபுரத்துக்கு இரண்டு தடவை வர்ணம் பூசிக் கும்பாபிஷேகம் செய்தார்கள், அவளுடைய மூத்த மகன் பள்ளிக்கூடம் முடித்து, திருப்பூருக்கு வேலைக்குப் போய், கல்யாணமும் செய்து, பிள்ளையும் பெற்றுவிட்டான். கமர்கட் மட்டும் கரையவில்லை. எலுமிச்சம் பிஞ்சு அளவுக்கு உள்ளே போனது, அதே அளவில், அதே வழுவழுப்பில், அதே தித்திப்போடு இருந்தது. ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. கொம்பையா கடைச் சரக்கென்றால் சும்மாவா, அவ்வளவு தரம் என்றுதான் சொன்னார்கள்.

தரமாம். இந்தத் தரத்தின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கொம்பையாவிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

கொம்பையா என்பவர் சொர்ணக்கனியின் தாத்தா. தலையில் தகர டப்பாவைச் சுமந்துகொண்டு ரயில்வே கேட்டடியில் நின்று, வண்டி நிற்கும் நேரத்துக்குள் ஓடி ஓடி கமர்கட் விற்றவர். நல்ல உழைப்பாளி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டப்பாவுக்குள் இருந்த கமர்கட்டை அவர் காய்ச்சவில்லை. காய்ச்சியவள் அவருடைய அக்காள் வள்ளி. கல்யாணமான வருஷமே தாலியறுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவள். வெல்லத்தைத் தட்டிப் போட்டு, அழுக்கெடுத்து, தேங்காய்ப்பூவைக் கொட்டிக் கிளறி, பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி வெங்கலத் தட்டில் எறிவாள். ணங்கென்று சத்தம் வந்தால் இறக்கிவிடுவாள், வராவிட்டால் இன்னும் கிளறுவாள். சூட்டோடு உருட்டி உருட்டி அவள் உள்ளங்கையில் ரேகையே இல்லாமல் போயிற்று. வண்டியில் வந்த ஜனங்கள் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கொம்பையா கமர்கட் குடு, கொம்பையா கமர்கட் குடு என்றார்கள். வள்ளி கமர்கட் என்று யார் கேட்பார்கள்? அவள்தான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லையே.

பஜாரில் கடை பிடித்துப் பலகை மாட்டுகிற அன்றைக்கு வள்ளி வெளியே வந்தாள். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்த இடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, "தம்பி, பலகையில உம் பேரு மட்டும்தான் எழுதியிருக்கு, அப்ப எனக்கு" என்று தொடங்கினாள். அந்த 'எனக்கு' என்பதற்குப் பின்னால் என்ன வந்திருக்கும் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஏனென்றால் கொம்பையா சிரித்துக்கொண்டே தட்டிலிருந்த முதல் கமர்கட்டை எடுத்து அக்காள் வாயில் வைத்துவிட்டார். கூட்டம் சிரித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். வள்ளி கையை ஆட்டினாள், கண்ணை உருட்டினாள், அதையும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அவள் வாய் காலியாவதற்குள் பலகையை ஆணியடித்து, சூடம் காட்டி, பெரியவர்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். கமர்கட் கரைய நேரம் பிடிக்கும் என்பது கமர்கட் விற்கிறவனுக்குத் தெரியாதா என்ன?

அது அன்றோடு போயிருந்தால் ஒரு தம்பி செய்த கள்ளத்தனம் என்று விட்டுவிடலாம். கொம்பையா முதுமையில் கடையை மகன் வேலாயுதத்தின் கையில் ஒப்படைத்தபோது, மகள் குருவம்மாளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நம்ம வீட்டில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்றார். வழக்கம் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், அதற்கு அப்பன் யார் ஆத்தாள் யார் என்று நம் ஜனங்கள் விசாரிப்பதில்லை. பெண்ணை மணைப்பலகையில் கிழக்கே பார்க்க உட்காரவைக்க வேண்டும், அன்றைக்கு உருட்டிய முதல் கமர்கட்டை உடன்பிறந்தவன் தன் கையால் அவள் வாயில் வைக்க வேண்டும், அது கரைகிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, கரைந்ததும் அவள் பெரியவர்களிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். வாய் காலியாக இருந்தால், பிறந்த வீட்டுச் சொத்தில் பாத்தியதை கிடையாது என்று அவள் மனப்பூர்வமாகச் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். சொல்ல வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை, தின்றால் போதும். இதற்கு வாய்நிறை என்று அழகாகப் பேர் வேறு வைத்தார்கள்.

குருவம்மாள் தின்றாள், வாயைத் திறந்து காட்டினாள், ஒரு பட்டுச் சேலையை வாங்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போனாள். அவள் புருஷன் நெஞ்சு நோயில் போனபின் திரும்பி வந்தாள். அதற்குள் அண்ணன் வேலாயுதம் கடலை மிட்டாயும் சேர்த்துப் போட்டு, ஊருக்கு வெளியே ஓட்டுக் கொட்டகை கட்டி, அதைத் தொழிற்சாலை ஆக்கியிருந்தார். தங்கச்சியைக் கைவிடவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, கடலை பொறுக்குகிற இடத்தில் அவளுக்கு ஒரு முறத்தைக் கொடுத்தார். அப்பன் தொடங்கிய தொழிலில் மகள் தினக்கூலிக்குச் சொத்தைக் கடலை பொறுக்கினாள். வேலாயுதத்துக்கு இரக்க குணம் என்று ஊர் மெச்சியது.

இந்த வேலாயுதத்தின் மகள்தான் சொர்ணக்கனி. அண்ணன் ஒருவன், ஆறுமுகநயினார். அவன் பள்ளிக்கூடத்துக்குப் போன நேரத்திலெல்லாம் இவள் அடுப்படியில் நின்றாள். கமர்கட்டில் சுக்குத்தூள் சேர்த்தது இவள் யோசனை. அந்தச் சுக்குக் கமர்கட் வந்த பிறகுதான் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் பெட்டி பெட்டியாகச் சரக்குப் போயிற்று. அதே ஊரில், பஸ் கண்டக்டர் லிங்கதுரைக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும் விடிந்தால் தொழிற்சாலைக்கு வந்து பாகு பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். அதற்கு ஒத்தாசை என்று பேர். சம்பளம் இல்லாத வேலைக்கு நம் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

வேலாயுதம் இறந்து காரியமெல்லாம் முடிந்த மறுநாள், சொர்ணக்கனிக்கு மணைப்பலகை போட்டார்கள். அவள் எந்தக் கலகத்துக்கும் வரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தோமே, மகன் இறக்கினானோ இல்லையோ என்பதுதான் அவள் மனசில் ஓடியது. வாயைத் திறந்தாள். ஆறுமுகநயினார் வைத்தான். குலவைச் சத்தம் கேட்டது. பெரியவர்கள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். வெற்றிலை தீர்ந்தது, இன்னொரு தட்டு வந்தது, அதுவும் தீர்ந்தது. இலை போட்டுச் சாப்பாடு ஆறியது. கமர்கட் அப்படியே இருந்தது.

மெல்லு தாயி என்றார் பெரியவர்களில் மூத்தவரான நல்லதம்பிப் பெரியப்பா. கடித்தாள், பல்தான் கூசியது. வெந்நீர் கொடுத்தார்கள், மிளகு ரசம் கொடுத்தார்கள். வெயில் தாழ்ந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். வாய் காலியாகவில்லை, ஆகையால் சம்மதம் பூர்த்தியாகவில்லை. மறுத்துத் துப்பவும் இல்லை, ஆகையால் எதிர்ப்பும் இல்லை. கரைந்ததும் வந்து வாயைக் காட்டட்டும், அதுவரைக்கும் எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும். இருக்கிறபடி என்றால் என்ன? கல்லாவில் ஆறுமுகநயினார் இருப்பான், சொர்ணக்கனி வாயில் கமர்கட் இருக்கும். எவ்வளவு நியாயமான தீர்ப்பு பாருங்கள்.

முதலில் அவள் வெட்கப்பட்டாள். அண்ணனுக்குத் தன்னால் சங்கடம் வந்துவிட்டதே என்று ஊறப் போட்டு ஊறப் போட்டுச் சப்பினாள். கரைந்து தொலைந்தால் மாவிளக்குப் போடுகிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். சித்த வைத்தியர் திப்பிலிக் கஷாயம் கொடுத்தார். கோவில்பட்டியிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் வருகிற பல் டாக்டர், இடுக்கியால் எடுத்துவிடலாம், அதுகூட வேண்டாம், குனிந்து துப்பினாலே போதும் என்றார். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். கொம்பையா வீட்டில் கீழே சிந்திய மிட்டாயைக்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நமக்குச் சோறு போடுகிற லட்சுமி என்று சொல்லி வளர்க்கப்பட்டவள், அதுவும் அப்பா காரியம் முடிந்த கையோடு வாயில் விழுந்ததைத் துப்புவாளா? அந்த டாக்டருக்குப் படிப்பு இருந்தது, ஆனால் அவர் மிட்டாய் வீட்டில் பிறந்தவர் இல்லை.

அப்புறம் ஊருக்குப் பழகிப் போயிற்று. கோவில் பூசாரி, பிரசாதத்தை வலது பக்கமாக வைத்துச் சாப்பிட்டால் எச்சில் தோஷம் கிடையாது என்று விதி சொன்னார். வாக்காளர் அட்டைக்குப் படம் பிடித்தவன் கன்னத்தை உள்ளே இழுக்கச் சொல்லிவிட்டு, முடியாது என்றதும் அடையாளக் குறி என்ற இடத்தில் கமர்கட் என்று எழுதிக்கொண்டான். பேச்சு குழறுவதால் அவள் வார்த்தையைச் சுருக்கினாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், பிறகு அதையும் தலையாட்டலில் முடித்தாள். உடனே ஊருக்கு அவள்மேல் அப்படி ஒரு மரியாதை வந்துவிட்டது. பொம்பளை என்றால் கனிபோல் இருக்க வேண்டும், இருக்கிற இடம் தெரியாது, வாயே திறக்காது என்றார்கள். மருமகள்களோடு மல்லுக்கட்டிய மாமியார்கள் கடைக்கு வந்து, கனி வாயில் கிடக்கிறதே, அதேமாதிரி ஒன்று கொடு என்று கேட்டார்கள்.

ஆறுமுகநயினாருக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. கமர்கட்டுக்குப் புதிதாக மஞ்சள் காகிதம் அச்சடித்து, அதில் ஒரு பெண் முகம் போட்டு, இடது கன்னத்தை உப்பலாக வரைந்து, 'எத்தனை நேரமானாலும் கரையாது' என்று எழுதினான். காகிதத்தின் பின்பக்கம் கொம்பையா, வேலாயுதம், ஆறுமுகநயினார் என்று மூன்று மீசைகளின் படமும், மூன்று தலைமுறைப் பாரம்பரியம் என்ற வரியும் இருந்தன. முன்பக்கத்து முகம் யாருடையது என்று எங்கும் போடவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அந்தக் காகிதம் பறந்தது. சென்னைக்குப் போயிற்று, சிங்கப்பூருக்குப் போயிற்று. ஓட்டுக் கொட்டகை போய்க் காங்கிரீட் கட்டடம் வந்தது, அண்ணன் வாசலில் கார் வந்து நின்றது. சொர்ணக்கனி தண்ணீர்க் குடத்தோடு நடக்கும்போது சாக்கடையில் தன் கன்னம் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு போனாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்த ருசி. எதைத் தின்றாலும் இனித்தது. மீன்குழம்பு இனித்தது, ஊறுகாய் இனித்தது, காய்ச்சல் மாத்திரை இனித்தது, மாமியார் செத்த அன்று அழுத கண்ணீர் வாயோரம் இறங்கி அதுவும் இனித்தது. உப்பு எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. லிங்கதுரை நல்ல மனுஷன், டூட்டி முடிந்து வரும்போதெல்லாம் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்று வாங்கிவந்து கொடுப்பான். அவள் தின்றுவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். போட்டும் விடு கனி, நமக்கு எதுக்கு அவங்க சொத்து, கரைஞ்சா நிம்மதியா இரு என்பான். அவளும் ரொம்ப நாள்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கரைந்தால் நிம்மதி.

அந்த நினைப்பு மாறியது குருவம்மாள் அத்தை இறந்த அன்றைக்கு.

குருவம்மாள் முறத்தை மடியில் வைத்தபடியே, கடலைக் குவியலின்மேல் சாய்ந்து போயிருந்தாள். ஆறுமுகநயினார் குறை வைக்கவில்லை. பெரிய மாலை போட்டான், கொட்டு மேளம் வைத்தான், வேலைக்கு விடுமுறை விட்டான், வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்தான். தேரில் தூக்குவதற்கு முன்னால் வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. பிறந்த வீட்டுக்காரன் முதலில் போட வேண்டும் என்று யாரோ சொல்ல, அவன் குனிந்து ஒரு பிடி அரிசியை அள்ளினான். அத்தையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. காலமெல்லாம் கடலைத் தூசி படிந்த உதடு. சொர்ணக்கனி அந்த வாயைப் பார்த்தாள், அண்ணனின் கையைப் பார்த்தாள், அவளுக்குள் ஏதோ ஒன்று கொதித்துப் பொங்கி வழிந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ வாய ஒருதரம் நிறைச்சாச்சுல்ல அண்ணே," என்றாள். குழறலாகத்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் விளங்கியது. "போதும்."

அரிசியை அவளே போட்டாள். அவன் கை அந்தரத்தில் நின்றது. துக்கத்தில் மூளை கலங்கிப் பேசுகிறாள் என்று ஊர் அதையும் ஜீரணித்துக்கொண்டது. ஆனால் அன்றையிலிருந்து சொர்ணக்கனி கமர்கட்டைச் சப்புவதை விட்டாள். கரையாதே, கிட என்று அதைக் கன்னத்தில் ஒதுக்கிப் பத்திரப்படுத்தினாள். பங்கு வேண்டாம் என்று எழுதிய பத்திரத்தில் கையெழுத்துக்கு அண்ணன் ஆள் அனுப்பினால், கரையட்டும், கரைந்ததும் பார்ப்போம், பெரியவர்கள் சொன்னது அதுதானே என்று சொல்லி அனுப்பினாள். அவர்களுடைய சட்டத்தை அவர்கள் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். மாவிளக்கு நேர்ச்சையையும் அம்மனிடம் சொல்லி வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கையெழுத்துக்கு அவசரம் வந்தது, மும்பையில் இருக்கிற ஒரு பெரிய கம்பெனி கொம்பையா பெயரையும் தொழிற்சாலையையும் சேர்த்து விலைக்குக் கேட்டபோது. ஆறுமுகநயினாருக்கு வயதாகிவிட்டது. மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான், அவனுக்கு மிட்டாயும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது, விற்றுப் பணத்தைக் கொடு என்றான். தொழிற்சாலையைத் தாங்கிக்கொண்டிருந்தது மகள் சண்முகப்பிரியா. கோயம்புத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவள், எந்தக் கொப்பரையில் பாகு எப்போது இறங்கும் என்பதிலிருந்து எந்தக் கப்பலில் பெட்டி ஏறும் என்பதுவரை அவள் விரல் நுனியில் இருந்தது. விற்கக் கூடாது என்று அவள் அப்பாவிடம் மன்றாடினாள். அவர் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார். கையோடு வாய்நிறைக்கும் நாள் குறித்தார்.

அதே நாளில் தங்கச்சி கணக்கையும் முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்களைப் போய்ப் பார்த்தார். பெரியவர்கள் யோசித்தார்கள். கமர்கட் இத்தனை வருஷமாகக் கிடக்கிறது, இனி அதைக் கரைந்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். சொர்ணக்கனி சும்மா வாயைத் திறந்தால் போதும், நாங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொள்கிறோம் என்றார் நல்லதம்பிப் பெரியப்பா. அவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா மாடா என்றே தெரியாது. கரையாத கமர்கட்டைக் கரைந்தது என்று எழுதிக்கொள்ள எவ்வளவு சுலபமாக ஒரு வழி கிடைத்துவிட்டது! ஒரு பெண்ணுக்குப் பங்கைக் கொடுக்க மட்டும் ஆயுசு முழுக்க ஒரு வழியும் அகப்படவில்லை.

குறித்த நாளன்று காலையில் தொழிற்சாலைக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். வேலைக்கு வருகிற பெண்களெல்லாம் சுவரோரம் நின்றார்கள். சொர்ணக்கனி வந்து தூணோரம் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கப் போவதில்லை என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள். ஆனால் அண்ணன் மகளை நினைத்தால்தான் பயமாக இருந்தது. இந்தப் பிள்ளைக்கும் கமர்கட் கரையாமல் நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வள்ளிக்குக் கரைந்தது, குருவம்மாளுக்குக் கரைந்தது. எல்லோர் வாயிலுமா சாமி வந்து உட்காரும்?

சண்முகப்பிரியா பட்டுச் சேலை கட்டி வந்தாள், பெரியவர்களைக் கும்பிட்டாள், மணையில் கிழக்கே பார்க்க உட்கார்ந்தாள். முரண்டு எதுவும் பண்ணவில்லை. அவள் அண்ணன் பெங்களூரிலிருந்து வரவில்லை, அதனால் அப்பாவே அன்றைய முதல் கமர்கட்டை எடுத்துக்கொண்டு வந்தார். குலவைக்குப் பெண்கள் நாக்கைத் தயார் செய்தார்கள். அவர் கமர்கட்டை உதட்டருகே கொண்டுபோனார்.

சண்முகப்பிரியா வாயைத் திறக்கவில்லை.

அவ்வளவுதான் அவள் செய்தது. பல்லைக் கடிக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, அழவில்லை. உதட்டை மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாயைத் திற அம்மா என்றார். அவள் தலையை ஆட்டினாள். கூடம் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. பெண்களின் குலவை நாக்கிலேயே நின்றது. ஒருவர் பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றார், ஒருவர் காற்று கருப்பு என்று திருநீறு தேடினார், இன்னொருவர் இது வலிப்புதான் என்று குடோன் சாவிக்கொத்தை உருவி அவள் கையில் திணித்தார். வலிப்பு வந்தால் இரும்பு கொடுப்பார்கள். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், உதட்டை மட்டும் திறக்கவில்லை. ஒரு கமர்கட் வருஷக்கணக்காகக் கரையாமல் கிடந்ததை அலுங்காமல் ஏற்றுக்கொண்ட ஊர், ஒரு பெண் வாயை மூடிக்கொண்டதை ஏற்றுக்கொள்ள முடியாமல் தத்தளித்தது.

சொர்ணக்கனி அந்த மூடிய உதட்டையே பார்த்தாள். இவ்வளவுதானா? மூடிக்கொண்டிருந்தால் போதுமா? அம்மன் வேண்டாம், அதிசயம் வேண்டாம், கஷாயம் வேண்டாம். வள்ளியும் மூடியிருக்கலாம், குருவம்மாளும் மூடியிருக்கலாம், தானும் மூடியிருக்கலாம். அண்ணன் நீட்டினான் என்பதற்காகத் திறந்தோமே, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்த அவசரத்தில் திறந்தோமே. அவளுக்கு அண்ணன்மேல் ஆத்திரம் வந்தது, பெரியவர்கள்மேல் வந்தது, தன்மேலேயே வந்தது, இத்தனை காலமும் தன்னைக் காப்பாற்றுகிறது என்று நம்பிக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பாழும் உருண்டைமேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

ஆறுமுகநயினாரின் விரலிடுக்கில் கமர்கட் உருகிப் பிசுபிசுத்தது. அவர் தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"ஏ கனி, நீ சொல்லுளா அவகிட்ட. நான் நீட்டுனதும் நீ எவ்வளவு அடக்கமா வாயத் தொறந்த. அத்த சொன்னா கேப்பா."

சொர்ணக்கனி எழுந்து வந்தாள். அத்தை புத்தி சொல்லப் போகிறாள் என்று கூட்டம் விலகி வழிவிட்டது. நல்லதம்பிப் பெரியப்பா, இவள் வாயையும் இப்போதே பார்த்துவிடலாம் என்று கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவள் மணைக்குப் பக்கத்தில் நின்றாள், மருமகளின் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டாள், குனிந்தாள், துப்பினாள்.

சிமெண்டுத் தரையில் ணங்கென்று விழுந்து, ஜமுக்காளத்தைத் தாண்டி உருண்டு போய், பெரியவர்களின் செருப்புகளுக்கு நடுவே நின்றது. யாரும் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாத நல்லதம்பிப் பெரியப்பா, என்னது அது, என்னது சத்தம் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பெரியவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆறுமுகநயினார் அவர்களைப் பார்த்தார், அவர்கள் அவரைப் பார்த்தார்கள். சொர்ணக்கனி நாக்கால் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப எங்க வாயில ஒண்ணுமில்ல," என்றாள். ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. "பங்கப் பேசுவோம். எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.